குள்ளம்மாள் விட்டுப் படித்த பக்கங்கள்

பேருக்குத்தான் குள்ளம்மாள். கம்பைநல்லூர்ப் புளி மண்டியில் வேலை செய்யும் பத்துப் பெண்களில் அவள்தான் உயரம். மேல் தட்டில் இருக்கும் காலிச் சாக்கை ஸ்டூல் போடாமல் எடுக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஏரியூர்ப் பக்கம் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அந்த வருஷமே கோவிந்தனுக்குக் கட்டிக்கொடுத்து இந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கோவிந்தன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறுவான். மகள் ஐஸ்வர்யா தருமபுரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஆக, பெரும்பாலான நாள் குள்ளம்மாளுக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. மண்டியில்தான் பேச்சு.

அந்த மண்டியில் புளியைச் சுத்தியலால் அடிப்பதில்லை. ஓடு நீக்கிய பழத்தைச் சின்னக் கத்தியால் முதுகில் கீறி, விரித்து, கொட்டையை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, நாரை உருவி, பூப்போல விரிந்தபடியே வைக்க வேண்டும். பூப்புளி என்று பெயர். பூப்புளிக்குத்தான் நல்ல விலை. சத்தமில்லாத வேலை. கை ஓடிக்கொண்டே இருக்கும். காது சும்மா இருக்கும்.

அந்தச் சும்மா இருந்த காதுக்குத்தான் குள்ளம்மாள் முதலில் சீரியல் கதை சொல்ல ஆரம்பித்தாள். முந்தின நாள் கரண்ட் போய்விட்டவர்களுக்கும், புருஷன் கிரிக்கெட் வைத்துவிட்டவர்களுக்கும் அவள்தான் சேனல். பிறகு சீரியல் இழுத்துக்கொண்டே போனதில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஒருநாள் கிளை நூலகத்திலிருந்து ஒரு நாவலைக் கொண்டுவந்து படித்தாள். அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் இரண்டு மணி நேரம் படிப்பு.

ஆனால் படிக்கிறவள் கையில் கத்தி ஓடாது. கூலி எடைக்குத்தான்; அவள் கூடையின் எடை குறைந்துபோகும். அதற்கு மற்ற ஒன்பது பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாயங்காலம் எடைக்குப் போகுமுன் ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி பூப்புளியை எடுத்துக் குள்ளம்மாள் கூடையில் போட்டுவிடுவாள். படிப்புப் புடி என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. மண்டிக்காரர் மாதவராஜுக்கும் அது தெரியும். மொத்த எடை சரியாக இருந்தால் அவருக்கு யார் கூடையில் எவ்வளவு என்பது பொருட்டில்லை.

நாலு வருஷமாக இது நடக்கிறது. ஒருநாளும் ஒருத்தியும் இரண்டு பிடியை ஒன்றரைப் பிடியாக்கியதில்லை.

இந்த மாசியில் அவள் எடுத்து வந்தது ஏதோ ஒரு வெளிதேசத்துக் கதை. அட்டை போய், பழுப்புத்தாள் ஒட்டிய பழைய மொழிபெயர்ப்பு. பெயர் தெரியாத ஒரு நாடு. அங்கே ஒரு சட்டம்: ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் அரசாங்கத்துக்கென்று ஒரு நாற்காலி காலியாக விட வேண்டும். அதில் வீட்டார் யாரும் உட்காரக்கூடாது. எந்த நேரமும் அதிகாரி வந்து உட்காரலாம். ஆனால் யாரும் வந்ததில்லை. வராவிட்டாலும், நாற்காலி இருக்கிறதே என்று எல்லோரும் அளந்து அளந்து பேசுவார்கள். உப்பில்லாத கஞ்சியை, நாற்காலியைப் பார்த்து, பிரமாதம் என்பார்கள். கதாநாயகன் ஒரு தபால்காரன். பெயர் மிரோன்.

"மீரானா? அப்ப நம்மாளுதான்" என்றாள் அஸ்கரி பேகம். குள்ளம்மாளுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவள். வாய்த்துடுக்கில் மண்டிக்கே முதல் ஆள்.

"மீரான் இல்லக்கா, மிரோன்."

"இருக்கட்டும். எங்கூர்ல தபால்காரரு வூட்டுக்கு வந்தா தண்ணி குடிக்காம போவ மாட்டாரு. இந்த ஊர்ல அவரு வூட்டுக்கே நாற்காலி குடுத்து காவலு வெச்சுருக்கானுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். அறுபதைத் தாண்டிய செல்லம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுத்துத் தெரியாதவள், ஆனால் கதை என்றால் வெகு கவனம். "சிரிச்சிட்டே இருந்தா எப்படி? படி, கண்ணு" என்றாள்.

கேமரா வந்தது அந்தக் கதையின் நடுவில்தான்.

போன ஐப்பசி மழையில் தகரக்கூரை ஒழுகிப் பத்து மூட்டை நனைந்து வீணாகிப் போயிருந்தது. எப்போது ஒழுகியது, எவ்வளவு நேரம் ஒழுகியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் மாதவராஜ் கேமரா வாங்கினார். நாற்பது வயதுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். அவரே முன்னால் நின்று சொன்னார்.

"உங்களப் பாக்க இல்லீங்கக்கா. மூட்டையப் பாக்கத்தான்."

"மூட்ட எங்கியும் எந்திரிச்சி ஓடிப்போவாது, தம்பி" என்றாள் செல்லம்மாள்.

மாட்ட வந்த பையன் ஏணியிலிருந்து இறங்கும்போது பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்: "படம் மட்டும் இல்லீங்கக்கா, பேச்சும் கேக்கும். போன்லயே கேக்கலாம்."

வெள்ளையாக, ஒரு கொய்யாப்பழ அளவில் இருந்தது. மூட்டை அடுக்கின் மேல், சுவர் மூலையில்.

அன்று மத்தியானம் குள்ளம்மாள் படித்த பக்கத்தில் தபால் நிலைய அதிகாரி வந்தார். அவருக்குப் பெரிய மீசை. சூப் குடித்தால் மீசை நனையும்; நனைந்த மீசையோடு அவர் ஊழியர்களுக்கு ஒழுக்கம் போதிப்பார். மாதவராஜுக்கும் மீசை உண்டு. அவ்வளவு பெரியதில்லை. இருந்தாலும் மீசைதான். குள்ளம்மாள் அந்த வரியின் வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு, தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறவள் மாதிரி, அடுத்த பத்திக்குக் கால் வைத்துவிட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. கதை ஓடியது.

மறுநாள் இரண்டு பத்தி. அதற்கடுத்த நாள், தொழிலாளர்கள் கூடிப் பேசும் ஒரு பக்கம். தாண்டுவது பழகியபின் சேர்ப்பதும் வந்தது. மிரோன் அதிகாரியைத் திட்டும் இடத்தில், "அவருக்கும் பாவம், மேல இருக்கறவங்க தொல்ல இருக்குமில்ல" என்று புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைத் தன் வாயிலிருந்தே போட்டாள். வாத்தியார் இல்லாத வகுப்பில் தானே பெஞ்சு மேல் ஏறி நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது அது. யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. மாதவராஜ் வழக்கம்போல எடைக்கு வந்தார், வழக்கம்போல் "சாப்டீங்களாக்கா" என்றார், போனார்.

மண்டியின் பேச்சும் மாறியது. மருமகள் கதை நின்றது. ஓனர் வீட்டு விருந்தில் பாயசம் தண்ணியாக இருந்த கதை நின்றது. வெயில், தக்காளி விலை, கோயில் பண்டிகை. ஒருநாள் மூன்று மணிக்கு டீ வந்தபோது, அந்த டீயை நாலு வருஷமாகக் கழுநீர் என்றே சொல்லி வந்த அஸ்கரி பேகம், முகத்தைச் சற்று மேலே தூக்கி, "இன்னிக்கு டீ நல்லா இருக்குது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குடித்தார்கள்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மாதவராஜ் மத்தியானத்திலேயே வந்தார். படிப்பு முடிந்து குள்ளம்மாள் புத்தகத்தை மடித்த நேரம். ஒரு பக்கமாக நின்று கழுத்தைத் தடவினார்.

"குள்ளம்மாக்கா, ஒண்ணு கேக்கணும். மிரோனோட தம்பி எப்பிடிங்க ஜெயிலுக்குப் போனான்?"

ஒன்பது கத்தியும் நின்றன.

"முந்தாநேத்து வூட்ல கால் ஒடிஞ்சு உக்காந்திருந்தான். நேத்துப் பாத்தா ஜெயில்ல இருக்கான். நடுவுல நான் எதையாச்சும் உட்டுட்டனா? அரூர் போறப்ப வண்டியில கேமராவ போன்ல போட்டுட்டு கேப்பேங்க. பாதி வழியில சிக்னல் போயிடுது. யாரு காட்டிக் குடுத்தா?"

 காட்டிக் கொடுத்தது யார் என்று குள்ளம்மாளுக்குத் தெரியும். அது ஆறு தாளில் இருந்தது. அந்த ஆறு தாளையும் வியாழக்கிழமை அவள் ஒரே விரலில் புரட்டிவிட்டிருந்தாள்.

"புக்குல அந்தப் பக்கம் கிழிஞ்சி போச்சுங்க" என்றாள்.

"அடடா" என்றார் மாதவராஜ். நிஜமாகவே வருத்தப்பட்டார். "நல்ல எடத்துல போச்சே."

அஸ்கரி பேகத்துக்கு வேறு கவலை. "அப்ப நாங்க பேசறது பூரா கேக்குதுங்களா?"

"கத நேரத்துல மட்டுந்தாங்க போடுவேன்."

"டீ நல்லா இருக்குதுன்னு சொன்னது?"

"கேட்டேங்கக்கா. வேற கடைக்கு மாத்தலாம்னுதான் இருந்தேன். உங்களுக்குப் புடிச்சிருக்குன்னு அப்பிடியே உட்டுட்டேன்."

அவர் போய்விட்டார். அஸ்கரி பேகம் தன் வாயில் தானே லேசாக ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். "இன்னும் ஒரு வருசத்துக்குக் கழுநீருதான். எஞ் செலவுல குடிங்க" என்றாள்.

எடைக்கு முன் வழக்கம்போல் புடி போட வந்தார்கள். குள்ளம்மாள் கூடையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்."

"ஏன், உனக்கென்ன வேண்டுதலா?" என்றாள் அஸ்கரி.

"பக்கம் கிழியல. நாந்தான் உட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தாள். பார்த்ததும் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

செல்லம்மாள் கூடையின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு பிடி போட்டாள். "தெரியுங் கண்ணு" என்றாள்.

"எப்பிடிப் பெரிம்மா?"

"நீ ஒரு தாளு திருப்பறதுக்குள்ள எனக்குப் பன்னண்டு பழம் ஆவும். நாலு வருசமா அதுதான் கணக்கு. அந்தக் கொய்யாக்கா வந்ததுலேந்து ஒம்பது, ஏழு, அஞ்சு. வியாழக்கெழம ஒரு பழத்துக்கு ஆறு தாளு போச்சு. எங் கையா அவ்ளோ மெதுவாயிடுச்சு?"

"மூணு வாரமா தெரியுமா? ஏன் கேக்கல?"

செல்லம்மாள் கண்ணால் மூலையைக் காட்டினாள். மற்றவர்களும் கூடையைப் பார்த்துக் குனிந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் மூன்று வாரமாகக் குறையாமல் இரண்டு பிடி போட்டிருந்தார்கள்.

அதுதான் குள்ளம்மாளுக்கு ஆறவில்லை. அடுத்தவள் எடையில் கை வைத்தவள் என்று ஒருத்தியைப் போன வருஷம் இதே மண்டியில் பேசாமல் ஒதுக்கி, தானாகவே வேலையை விட்டு நிற்க வைத்தார்கள். தான் செய்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை அந்த ஆறு தாளையும் படித்துவிட வேண்டும், இல்லையென்றால் இனிமேல் புத்தகமே எடுக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துப் பார்த்தாள். நடுவில் வழியிருப்பதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவிந்தன் வீட்டில் இருந்தான். குள்ளம்மாள் களியைக் கிண்டி இறக்கிவிட்டு, ஆறட்டும் என்று அடுப்படியிலேயே புத்தகத்தைப் பிரித்தாள். வாய்விட்டு அல்ல; கண்ணால் மட்டும். மீசை வரும் பக்கத்திலிருந்து தொடங்கினாள். பக்கத்தை முடித்தாள். மீசை வரவில்லை.

வேறு பக்கமோ என்று மறுபடி மேலிருந்து வந்தாள். அதே பக்கம்தான். கண் அந்தப் பத்திக்கு மேல் வரை வந்து, கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. யாருக்கும் கேட்காத படிப்பு. வாய்கூட அசையவில்லை. அடுப்படியில் அவளும் களியும்தான்.

மூன்றாவது முறை விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நகர்த்தினாள். மீசை வந்தது. 

"என்னா, களி கல்லாயிட்டிருக்குது" என்று கோவிந்தன் வந்தான்.

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிக்கொண்டே போனது. அவன் காதைக் கிட்டக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"ஏன் குசுகுசுன்னு பேசற? யாரு இருக்காங்க இங்க? மேல ஒரு பல்லி இருக்குது."

"இல்ல, ஓனரு நல்லவருதான்" என்றாள் அவள்.

கோவிந்தன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அந்தாளு கெட்டவருன்னு நான் சொல்லவே இல்லையே."

அவள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள். உருண்டை வழக்கத்தைவிடச் சிறியதாக வந்தது. அவன் கீரைக்குழம்பை ஊற்றிக்கொண்டே, "எனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டேன். நான் யாருகிட்ட போயிச் சொல்லப்போறேன்" என்றான். படித்தாள். மீசைக்கு அவன் சிரித்தான், புரையேறியது. அந்தச் சிரிப்பைக் கேட்டபின் அவளுக்குக் கொஞ்சம் பசித்தது.

திங்கட்கிழமை மத்தியானம் வெயில் தகரத்தில் இறங்கி, மண்டி முழுக்கப் புளிப்பு வாடை கனத்திருந்தது. குள்ளம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்துக்கு நேர் எதிரில்தான் கேமரா. இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. மாற்றவில்லை.

"பழைய பக்கத்துலேந்து வரேன்" என்றாள். "உட்டதெல்லாம் இதுல இருக்குது. நடுவுல நானே சேத்ததும் இருக்குது. 'மேல இருக்கறவங்க தொல்ல'ன்னு சொன்னது புக்குல இல்ல. அது நாஞ் சொன்னது."

"அதான பாத்தேன்" என்றாள் அஸ்கரி. "வெளிநாட்டுக்காரன் எப்பிடி எங் கொழுந்தனாட்டம் பேசறான்னு."

விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு மீசையைப் படித்தாள். முதலில் சிரித்தது அஸ்கரி, அப்புறம் ஒவ்வொருத்தியாக. யார் மீசையை நினைத்துச் சிரித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த ஆறு தாள் வந்தது.

கால் ஒடிந்த தம்பிக்கு உட்கார இடமில்லை. இருக்கிற ஒரே முக்காலியின் கால் ஆடுகிறது. ஒரு சாயங்காலம் வலி தாங்காமல் அவன் அரசாங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. பார்த்தது மிரோன் ஒருவன்தான். மறுநாள் காலை மிரோன் தபால் பையை மாட்டிக்கொண்டு புறப்படுகிறான். கால்கள் தாமாகவே அலுவலகத்துக்குப் போகின்றன. குள்ளம்மாள் படித்தாள்:

"'என்ன வேண்டும்?' என்று அதிகாரி கேட்டார். மிரோன் தொப்பியைக் கழற்றினான். 'ஒன்றுமில்லை, ஐயா. நேற்று என் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான்.' அதிகாரிக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்குச் சாப்பிடும் நேரம். 'இதை யார் உன்னைச் சொல்லச் சொன்னது?' என்றார். மிரோன் யோசித்துப் பார்த்தான். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை."

 வெளியே ஒரு மினி லாரி பின்னால் வரும் ஓசை கேட்டு அடங்கியது.

"நம்மாளே போயிச் சொல்லிட்டானா" என்றாள் அஸ்கரி பேகம், குரல் இறங்கி.

"ஒருத்தனும் கேக்கலையே" என்றாள் செல்லம்மாள்.

 குள்ளம்மாள் மேலே படித்தாள். அதிகாரி வேண்டாவெறுப்பாகப் பேனாவை எடுக்கிறார், தம்பியின் பெயரை எழுதுகிறார், இரண்டு காவலர்கள் நொண்டிக்கொண்டு வரும் தம்பியைத் தோளில் தாங்கியே வண்டியில் ஏற்றுகிறார்கள். அவள் தாளைத் திருப்பினாள்.

"குள்ளம்மா."

"என்ன பெரிம்மா?"

"எட்டுதாங் கண்ணு வந்துச்சு."

செல்லம்மாள் மடியில் விரித்த பூப்புளி வரிசையாக இருந்தது. குள்ளம்மாள் அதைப் பார்த்தாள். "இல்ல பெரிம்மா, விரல வெச்சுத்தான் படிச்சேன். இந்தத் தடவ ஒண்ணையும் உடல."

"நீ உட்டேன்னு நான் சொல்லல. எட்டு வந்துச்சுன்னுதாஞ் சொல்றேன்."

குள்ளம்மாள் தாளைப் பின்னால் திருப்பினாள். மேலிருந்து வந்தாள். விரல் அதிகாரியின் பேனா வரை ஒழுங்காக வந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு பத்தி. அதை இதற்குமுன் எப்போதும் பார்த்த நினைவே அவளுக்கு இல்லை. அதில் மீசை இல்லை, அதிகாரி இல்லை, மாதவராஜுக்குக் கோபம் வரக்கூடிய ஒரு சொல்லும் இல்லை.

"இருக்குது" என்றாள். "நாலு வரி இருக்குது."

"அப்ப படி."

அவள் மூலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறோம் என்பது தெரிந்தது; அது போகட்டும் என்று விட்டாள். விரலை முதல் சொல்லில் வைத்தாள்.

"வெளியே வந்தபோது மிரோனுக்கு மனம் லேசாக இருந்தது. பல நாள் தூங்காமல் இருந்து தூங்கி எழுந்தது போல் இருந்தது. வழியில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். தன்னைப் போல ஒரு நல்ல மனிதன் இந்தத் தெருவிலேயே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது."

படித்து முடித்து நிறுத்தினாள். செல்லம்மாள் கத்தியை எடுத்து ஒரு பழத்தைக் கீறினாள், அப்புறம் இன்னொன்று, இன்னும் இரண்டு.

"பன்னண்டு" என்றாள். "இப்ப திருப்பு."

சாயங்காலம் எடைக்கு மாதவராஜ் வந்தார். அன்று அரூர் போனாரா, கேட்டாரா, தெரியவில்லை.  "சாப்டீங்களாக்கா" என்றார். குள்ளம்மாள் கூடையைத் தராசில் வைத்தாள். அதில் பதினெட்டுப் பிடியும் இருந்தன.

"சாப்பாடு ஆச்சுங்க" என்றாள். நிறுத்தினாள். உள்ளே எதுவோ வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. "டீதான் நல்லா இல்லீங்க."

அஸ்கரி பேகம் பின்னாலிருந்து, "நாலு வருசமாவே நல்லா இல்லீங்க" என்றாள்.

மாதவராஜ் எடையைக் குறித்துக்கொண்டே தலையாட்டினார். கேமரா மூலையில் இருந்தபடியே இருந்தது. குள்ளம்மாள் புத்தகத்தைப் பையில் வைக்குமுன், நாளைக்கு எந்த வரியிலிருந்து என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு ஒரு யோசனை வந்து, அந்தத் தாளைச் செல்லம்மாளிடம் காட்டினாள்.

"இங்கேந்துதான் பெரிம்மா நாளைக்கு."

எழுத்துத் தெரியாத செல்லம்மாள் அந்தப் புள்ளியைக் குனிந்து, கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.